மறதி குற்றமல்ல: நினைவு எப்படி நிற்கிறது?



பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ராத்திரி எல்லாம் படிச்சான், காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கிறான்." இதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் ஒரு தீர்ப்பு. "இவனுக்கு மண்டையில ஏறாது." பத்தாம் வகுப்பில் இந்தத் தீர்ப்பைக் கேட்ட பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புக்குள் அதை நம்பிவிடுகிறான். பக்கத்திலேயே சிப்காட் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாகச் சேர அதிகம் படிக்க வேண்டியதில்லை. படிப்பு நின்றுவிடுகிறது.

உழைத்துச் சம்பாதிப்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் "எனக்கு ஞாபக சக்தி கிடையாது" என்ற தவறான எண்ணத்தால் ஒரு பிள்ளை படிப்பை விடுவது பெரிய இழப்பு. நினைவு என்பது என்ன, அது எப்படிப் பதிகிறது, எப்படித் திரும்ப வருகிறது என்று பெற்றோர் தெரிந்துகொண்டால் இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கலாம். இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

நூறு வேலைகளை நினைவில் வைத்தவர்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நீதிவெண்பாப் பாடலை எழுதியவராக ஒரு பெயர் வந்திருக்கிறது: செய்குதம்பிப் பாவலர். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திக் காட்டி, 'சதாவதானி' என்ற பட்டத்தைப் பெற்றார். 1950-ல் மறைந்தார். 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அவதானம் என்பது நம் நாட்டின் பழைய கலை. சுற்றி அமர்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேலை கொடுப்பார்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் நெல்லையோ பூவையோ எறிவார். எத்தனை முறை மணி அடித்தது, எத்தனை முறை எறியப்பட்டது என்று கடைசியில் சொல்ல வேண்டும். வெண்பாவும் முடிந்திருக்க வேண்டும், கணக்குக்கும் விடை வந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும், "அது அல்லாஹ் கொடுத்த தனி வரம், நமக்கு எங்கே வரும்?" என்று தோன்றும். திறமை அல்லாஹ் தருவதுதான், ஐயமில்லை. ஆனால் பாவலர் யாப்பிலும் இலக்கணத்திலும் ஊறியவர், பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாப்பு கைவந்தவருக்கு ஓர் ஈற்றடி என்பது தனித்தனி எழுத்துகளின் கூட்டம் அல்ல. தெரிந்த வீட்டின் வாசற்படி போன்றது அது. உள்ளே போகும் வழி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்த ஒரு சான்றும் உண்டு. சென்னையில் 1957-ல் பிறந்த ராஜன் மகாதேவன், 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் 'பை' என்ற கணித எண்ணின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்லி கின்னஸ் சாதனை படைத்தார். பின்னர் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் அவரைச் சோதித்தார்கள். எண்களைக் கொடுத்தால் வியக்கவைத்தார். எண்களுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத குறியீடுகளைக் கொடுத்தபோது, மற்றவர்களைப் போல ஆறு அளவில்தான் அவராலும் நினைவில் வைக்க முடிந்தது. பிறகு அந்தக் குறியீடுகளை எண்களாக மாற்றிப் பழகியதும் அந்த அளவு கூடியது. அவருடைய பலம், எண்களோடு பல ஆண்டுகள் பழகி அவற்றுக்குள் பொருளும் தொடர்பும் கண்ட பயிற்சியில் இருந்தது.

ஆகவே முதல் செய்தி: நினைவு என்பது பெரும்பகுதி பழக்கமும் முறையும். "சக்தி இல்லை" என்று முடிவு கட்டுமுன், "முறை சரியா?" என்று பார்க்க வேண்டும்.

நினைவின் மூன்று படிகள்

ஒரு செய்தி நினைவாக மாற மூன்று படிகள் உண்டு: உள்வாங்குதல், பதிதல், திரும்ப எடுத்தல். நாம் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம்.

உள்வாங்கும் இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏழு துண்டுகள் அளவில்தான் நம்மால் மனதில் பிடித்து வைக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். நாலைந்துதான் முடியும் என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை ஒரே மூச்சில் சொன்னால் நழுவிவிடுகிறது. மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துச் சொன்னால் நிற்கிறது. பத்துத் துண்டு மூன்று துண்டாகிவிட்டதுதான் காரணம். நீளமான விடையை அப்படியே விழுங்கப் பார்க்கும் பிள்ளைக்கு நேர்வதும் இதுதான். விடையை நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புச் சொல் கொடுத்தால் பாரம் குறைகிறது.

அடுத்தது பதிதல். இதற்கு மூளைக்குள் தனி உறுப்பு இருக்கிறது என்று உலகம் அறிந்தது ஒரு மனிதரின் துயரத்தால். அமெரிக்கரான ஹென்றி மொலெய்சனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருடைய 27-ஆம் வயதில், நோயைத் தணிக்க மூளையின் இரு பக்கமும் 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதியின் பெரும்பங்கை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. சற்றுமுன் பேசியவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் புது ஆளாகத் தெரிந்தார். சிறுவயது நினைவுகளோ பெருமளவு இருந்தன.

இன்னொரு வியப்பும் இருந்தது. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. செய்திகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. வெல்டிங் வேலையைக் கையால் கற்ற தந்தை, "பார்த்துப் பார்த்துச் செய்தாலே வந்துவிடும்" என்று மகனின் வரலாற்றுப் பாடத்துக்கும் சொல்வது ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. பாடத்தின் செய்திகள் பதியும் வழி வேறு.

மறப்பது இயல்பு

ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் 1885-ல் மறதியை அளந்து நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து மீண்டும் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடத்தில் 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதத்தில் 21. அதாவது பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. அதன் பிறகு மெதுவாகத்தான் குறைகிறது. பொருள் புரிந்த பாடம் இவ்வளவு வேகமாக நழுவாது. ஆனால் பாதை இதே மாதிரிதான்.

இரவு படித்ததைக் காலையில் மறந்த பிள்ளை, ஆகவே, சோம்பேறி அல்ல. எல்லா மனிதருக்கும் நடப்பதே அவனுக்கும் நடந்திருக்கிறது. அவன் செய்யாமல் விட்டது, சரியான நேரத்தில் திரும்பிப் பார்ப்பது.

இதை நம் ஹிஃப்ழ் மதரஸாக்கள் நீண்ட காலமாகக் கடைப்பிடித்து வருகின்றன. பெயர் இடத்துக்கு இடம் மாறினாலும் முறை ஒன்றுதான். இன்றைய புதுப் பாடம் 'சபக்'. சில நாட்களுக்குள் ஓதியதன் மீட்டல் 'சபக்கி'. முன்பே முடித்த ஜுஸ்வுகளைச் சுழற்சியாக ஓதிக் காட்டுவது 'மன்ஸில்'. புதியதை விடப் பழையதற்கு நேரம் அதிகம். குர்ஆன் மனனத்தைக் கவனிக்காமல் விட்டால், கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும் ஒட்டகத்தை விட வேகமாக நழுவிவிடும் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மறப்பவரை இழிவுபடுத்த அல்ல, தொடர்ந்து பேணச் சொல்லவே அந்த எச்சரிக்கை. ரமளானில் தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாஃபிழ் நின்று கவனித்துத் திருத்துகிறாரே, அதுவும் இந்தப் பேணுதலின் பகுதிதான்.

30 ஜுஸ்வையும் இந்த முறையில் நெஞ்சில் நிறுத்தும் சமுதாயம், பள்ளிக்கூடப் பாடத்துக்கு மட்டும் "கடைசி வாரத்தில் ஒரேயடியாகப் படி" என்று சொல்வது பொருந்துமா?

திரும்ப எடுப்பதே படிப்பு

ஹிஃப்ழ் மாணவர் உஸ்தாத் முன் அமர்ந்து பார்க்காமல் ஓதிக் காட்டுகிறார். இதில்தான் பெரிய இரகசியம் இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் அதையே படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு சுற்றும் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 நின்றது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிகம் நம்பியவர்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது பாடம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை 'தெரியும்' என்று மனம் எண்ணிக்கொள்கிறது. தேர்வு அறையில் புத்தகம் இல்லாதபோதுதான் உண்மை தெரிகிறது. மாறாக, புத்தகத்தை மூடிவிட்டுத் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வழி உறுதிப்படுகிறது. வயலில் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை உருவாவது போல. தேடும்போது சிரமமாக இருந்தால் கவலை வேண்டாம். அந்தச் சிரமமே பாதை போடும் வேலை.

நம் தாய்மார்களுக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது. "நான் அஞ்சாவதுதான் படிச்சேன், இங்கிலீஷ் மீடியப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று தயங்க வேண்டாம். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன படிச்சே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லத் திணறும் இடம் எதுவோ அது பதியாத இடம். அதை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லலாம்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு ஒரு பழைய உத்தி உண்டு: நன்கு தெரிந்த வழித்தடத்தில் அவற்றை மாட்டி வைப்பது. நம் பிள்ளைகளுக்கு மின்சார ரயில் தடம் தண்ணீர் பட்ட பாடு: கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். உணவு செல்லும் பாதையைப் படிக்கிறார்கள் என்றால், கும்மிடிப்பூண்டியில் திறந்த வாய், கவரைப்பேட்டையில் நீண்ட உணவுக்குழாய், பொன்னேரியில் பை போன்ற இரைப்பை, அனுப்பம்பட்டில் சுருண்டு கிடக்கும் சிறுகுடல், மீஞ்சூரில் பெருங்குடல் என்று கற்பனை செய்யட்டும். சிரிப்பு வரும். சிரித்தது நிற்கும்.

தூக்கமும் பயமும்

பகலில் உள்வாங்கியதை மூளை உறுதிப்படுத்தும் வேலை தூக்கத்தில் நடக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அன்றைய செய்திகளை ஹிப்போகேம்பஸ் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்துப் படிப்பது, சுவர் கட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விடுவது போன்றது. வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

ஷிஃப்ட் வேலைக் குடும்பங்களில் இது எளிதல்ல. அத்தா நள்ளிரவில் வருவார். ஒரே அறையில் விளக்கு எரியும், டிவி ஓடும். வசதி குறைந்த வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. தேர்வு மாதங்களில் பிள்ளைகள் படுத்தபின் டிவியும் கைப்பேசிச் சத்தமும் வேண்டாம் என்று வீட்டார் அனைவரும் முடிவெடுக்கலாம். இஷாவுக்குப் பின் விரைவில் படுத்து, ஃபஜ்ருக்குப் பின் முந்தைய நாள் பாடத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கலாம். இரவுப்பணி செய்பவருக்கும் இது பொருந்தும்: தூக்கம் கெட்டால் பெரியவருக்கும் கவனமும் நினைவும் குறையும். பகலில் அவர் தூங்கும் நேரத்தை வீடு மதிக்க வேண்டும்.

பயம் இன்னொரு தடை. கடும் பதற்றத்தில் உடலில் சுரக்கும் கார்ட்டிசால், பதிந்த செய்தியையும் திரும்ப எடுக்க விடாமல் தடுக்கக்கூடும். அடித்துக் கேட்டால் தெரிந்த விடையும் வராமல் போவது இதனால்தான். "அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லு" என்று விட்டுப் பாருங்கள். பல நேரம் தானாக வந்துவிடும்.

நினைவு தவறலாம், ஆகவே எழுதுங்கள்

நினைவு புகைப்படம் அல்ல. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மனம் அதைத் திரும்பக் கட்டுகிறது. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், கார் மோதும் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். "கார்கள் நொறுங்க மோதியபோது" வேகம் என்ன என்று ஒரு குழுவிடமும், "கார்கள் இடித்தபோது" வேகம் என்ன என்று மற்றொரு குழுவிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, முதல் குழுவில் 50 பேரில் 16 பேரும் இரண்டாம் குழுவில் 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வியின் ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது.

குடும்பங்களில் கடன், நகை, சீட்டுப் பணம் பற்றி எழும் சண்டைகள் பலவற்றில் இரு தரப்பும் உண்மை என்று நம்பியே பேசுகிறார்கள். கடனை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவதன் அருமை இங்கே விளங்குகிறது. யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபின், மனனத்தோடு நிறுத்தாமல் குர்ஆனை ஏட்டில் ஒன்றுதிரட்ட அபூபக்ர் (ரலி) அவர்கள் ஏற்பாடு செய்ததும் நாம் அறிந்த வரலாறு. கொடுக்கல் வாங்கலைத் தேதியோடு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைப்பது அவநம்பிக்கை ஆகாது. உறவைக் காக்கும் வழி அது.

பெரியவர்களின் மறதி

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் இயல்பு. ஆனால் பழகிய தெருவில் வழி தவறுவது, சாப்பிட்டதை மறந்து மீண்டும் கேட்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். பழைய கதைகளைச் சரியாகச் சொல்கிறாரே என்று இருந்துவிட வேண்டாம். முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் புது நினைவுதான். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவை சிகிச்சைக்கு இணங்குபவை. "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்யுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. அவர்கள் மறக்கும்போது வாதாடாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்வதும் பெற்றோருக்குச் செய்யும் கடமையே.

இந்த வாரம் முதல் செய்ய வேண்டியவை

1. படித்த பாடத்தை அன்றே புத்தகம் மூடிச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு மறுநாள், நாலாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு மீட்ட வேண்டும்.

2. நீளமான விடையை நாலு துண்டாக்கித் தலைப்புச் சொல் கொடுக்க வேண்டும்.

3. தினமும் பத்து நிமிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்க, பிள்ளை சொல்ல வேண்டும்.

4. படிக்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கவனத்தில் படாதது நினைவில் பதியாது.

5. "மண்டையில ஏறாது" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

உங்களுக்கான பயிற்சி

இந்த இதழை மூடிவைத்துவிட்டுக் குடும்பமாக அமர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

1. செய்குதம்பிப் பாவலர் எந்த ஆண்டு, எங்கே நூறு அவதானம் செய்து காட்டினார்?

2. குறியீடுகளைக் கொடுத்தபோது ராஜன் மகாதேவனால் எத்தனை நினைவில் வைக்க முடிந்தது? அதிலிருந்து என்ன தெரிகிறது?

3. நினைவின் மூன்று படிகள் யாவை? நம் வீட்டில் எந்தப் படியை விட்டுவிடுகிறோம்?

4. ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்த குழு எது? ஏன்?

5. சபக், சபக்கி, மன்ஸில் முறையை ஒரு அறிவியல் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்துவீர்கள்?

சில விடைகள் வராமல் போகலாம். வராதவற்றை மட்டும் திரும்பப் படியுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.